நீங்களும் புதுசா, சிஸ்டர்?

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் தென்காசியில் ஆள் எடுப்பார்கள். லாட்ஜுக்கு ரூம் பாய், கார் நிறுத்துமிடத்தில் ரசீது கிழிக்க ஒரு பையன், எண்ணெய் தேய்த்துவிட நாலு பேர், சிப்ஸ் கடையில் வாழைக்காய் சீவ இரண்டு பேர். ஜூனில் சேர்ந்தால் ஆகஸ்ட் கடைசியில் கணக்குப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். போகிறவருக்கும் மனக்குறை இல்லை, அனுப்புகிறவருக்கும் இல்லை. சீசன் வேலை என்றால் என்ன என்று இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அந்தச் சொல்லை ஒரு நர்ஸ் வாயிலிருந்து கேட்டபோதுதான் சுருக்கென்றது. ஐந்தருவி போகும் வழியில் மழைக்கு ஒதுங்கிய டீக்கடை. என் சித்தி மகளும் அவளோடு நர்சிங் படித்த மூன்று பேரும் குளித்த தலையோடு நின்றிருந்தார்கள். கடைக்கார அண்ணாச்சி சும்மா பேச்சுக்கு, "எங்கம்மா வேல பாக்கே?" என்றார். அவள் டீயை ஆற்றிக்கொண்டே, "நர்ஸு அண்ணாச்சி. சீசன் வேலதான். இப்ப சீசன் இல்ல" என்றாள். மற்ற மூவரும் சிரித்தார்கள். நாலு பேரில் இரண்டு பேருக்கு அப்போது கையில் வேலை இருந்தது. ஒருத்தி அடுத்த வாரம் பெங்களூர் போகிறாள். சித்தி மகளின் ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிந்திருந்தது.

அமெரிக்காவில் டிராவல் நர்ஸ் என்று ஊர் ஊராகப் போய் லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கிறார்களாமே, நம் பக்கத்தில் அப்படி யாராவது உண்டா, ஜாலியாக ஒரு கட்டுரை கிடைக்குமா என்றுதான் ஆசிரியர் குழு என்னை அனுப்பியது. சீசன் நேரம் வேறு. குளித்துவிட்டு எழுதலாம் என்று வந்தவன் நான். ஜாலியாக எழுதும் எண்ணம் அந்த டீக்கடையிலேயே போய்விட்டது.

அமெரிக்கக் கதையை முதலில் முடித்துவிடலாம். அங்கே இது பெரிய தொழில். வழக்கமாக 13 வார ஒப்பந்தம். தங்குமிடம், படி எல்லாம் சம்பளத்தோடு சேர்த்துப் பேசப்படும். இது பிறந்த கதையாகச் சொல்லப்படுவது 1970களின் கடைசியில் நியூ ஆர்லியன்ஸில் நடக்கிறது. மார்டி கிரா திருவிழாவுக்கு ஊரே நிரம்பி வழிய, ஆஸ்பத்திரிகள் சமாளிக்க முடியாமல் வெளியூர் நர்ஸ்களைக் கொஞ்ச நாளைக்கு வரவழைத்தார்களாம். ஆக, அதுவும் பிறப்பில் சீசன் வேலைதான். 2020 வசந்தத்தில் நியூயார்க் கொரோனாவில் தத்தளித்தபோது நாடெங்கிலும் இருந்து நர்ஸ்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கே போனார்கள். வாரத்துக்குப் பல ஆயிரம் டாலர் கிடைத்தது. அலை அடங்கியதும் வீடு திரும்பினார்கள்.

நம் ஊரில் இதே வேலைக்குப் பெயரும் வேறு, பணமும் வேறு. காண்ட்ராக்ட், தொகுப்பூதியம், டெம்பரவரி, டெபுடேஷன், ஏஜென்சி ஸ்டாஃப் என்று ஊருக்கொரு சொல். 2015 ஜூனில் 7,243 இடங்களுக்கு நடந்த அரசுத் தேர்வில் ஜெயித்தவர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். 2020இல் கொரோனாவுக்காக ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களுக்கு 14,000 ரூபாய். தென் மாவட்டப் பிள்ளைகள் பலர் சென்னையின் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போனது அப்போதுதான். ரயில் ஓடாத காலம். வழியெல்லாம் கடைகள் அடைத்துக் கிடக்க, வீட்டில் கட்டிக்கொடுத்த புளிச்சாதத்தை வேனிலேயே தின்றுகொண்டு போனதாகச் சித்தி மகள் சொன்னாள். ஆறு மாதம் என்பது நீண்டு நீண்டு, 2022 டிசம்பர் 31ஆம் தேதி முடிந்தது. அன்றைக்கு ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஏறக்குறைய 2,400 பேர். பிறகு அவர்களுக்கு என்னென்ன வழி காட்டப்பட்டது, யார் யார் போராடினார்கள் என்பதெல்லாம் பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். நான் அதற்குள் போகவில்லை.

சித்தி மகள் அதற்கப்புறம் ஒரு வருஷம் கோயம்புத்தூரில் இருந்தாள். பிறகு ஒரு பெருநகரத்தில் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரியில் 11 மாத ஒப்பந்தம். ஊர்ப் பெயரும் ஆஸ்பத்திரிப் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அடுத்த ஒப்பந்தமும் கிடைக்க வேண்டுமே.

அந்த 11 மாதத்தின் முதல் இரவைத்தான் அவள் எனக்கு விலாவாரியாகச் சொன்னாள். மெடிசின் வார்டு. ஹேண்டிங் ஓவர் வாங்கும்போதே மணி எட்டைத் தாண்டிவிட்டது. பகல் டியூட்டி சிஸ்டரும் ஏஜென்சி ஆள்தான், சேர்ந்து மூன்று வாரம். ரிப்போர்ட் புக்கில் இருந்ததை அப்படியே படித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். நள்ளிரவு தாண்டி ஒரு பெரியவருக்கு மூச்சுத் திணறல். ஹவுஸ் சர்ஜன் ஓடி வந்தான். குழாய் போட வேண்டும் என்று பிஜியை, அதாவது மேற்படிப்பு டாக்டரைக் கூப்பிட்டார்கள். லாரிங்கோஸ்கோப்பை எடுத்து விரித்தால் விளக்கு எரியவில்லை. பல்பு போயிருந்தது.

"சிஸ்டர், வேற பல்பு எங்க?"

"தெரியல சார். நான் இன்னைக்குத்தான் வந்தேன்."

"நீங்களும் புதுசா?" என்றானாம் அந்தப் பையன். அவன் அந்த யூனிட்டுக்கு வந்ததும் அன்று காலையில்தான். பிஜி வேறு மாநிலத்துக்காரர், சேர்ந்து இரண்டு மாதம். மூன்று பேரும் ஆளுக்கொரு டிராயரை இழுத்துப் பார்த்தார்கள். கடைசியில் பக்கத்து வார்டுக்கு ஓடி அங்கிருந்த ஸ்கோப்பையே வாங்கி வந்தாள். பெரியவர் பிழைத்துக்கொண்டார். விடியற்காலையில் வார்டு கூட்ட வந்த அம்மா, மருந்து ஃபிரிட்ஜுக்கு மேலே பழைய கிளவுஸ் டப்பாவைக் காட்டி, அதற்குள்தானே பல்பு இருக்கும் என்றாளாம்.

எனக்கு இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கிளவுஸ் டப்பாதான். சம்பளம் போதாது என்பதோ, ஹாஸ்டலில் எட்டுப் பேருக்கு ஒரு குளியலறை என்பதோ எனக்குக் குறைவாகப் படவில்லை. அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கிளவுஸ் டப்பாவைப் பற்றி யாரும் எழுதவில்லை.

ஒரு போதனா மருத்துவமனை எப்படி ஓடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அங்கே யாருமே நிலையாக இருப்பதில்லை. மாணவன் வருகிறான், போகிறான். ஹவுஸ் சர்ஜன் ஒரு வருஷத்துக்குள் மெடிசின், சர்ஜரி, பிரசவம், குழந்தை என்று எல்லாத் துறையையும் சுற்ற வேண்டும். ஒரு வார்டின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பழகுவதற்குள் அடுத்த போஸ்டிங். பிஜிக்கு மூன்று வருஷம். அதிலும் தீசிஸ், பரீட்சை, வெளிப் போஸ்டிங். உதவிப் பேராசிரியருக்கு இடமாற்றம். சீஃப் காலையில் ரவுண்ட்ஸ் வந்து போவார். நோயாளி குணமானால் வீட்டுக்குப் போவார். இத்தனை பேர் சுழலுகிற ராட்டினத்தில் நடுக்கம்பம் ஒன்று அசையாமல் நின்றது. அவர்தான் வார்டு சிஸ்டர். எல்லாரும் அவரைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றினார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். 1664இல் சென்னைக் கோட்டைக்குள் கம்பெனிச் சிப்பாய்களுக்காகத் தொடங்கிய சிற்றாஸ்பத்திரிதான் இன்று சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே 3,000 படுக்கைகளுக்கு மேல் விரிந்து நிற்கிறது. 1835இல் அதை ஒட்டி மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார்கள். 1871இல் நர்ஸ்களுக்கான பயிற்சியும் அங்கே வந்தது. 1926இல் நர்ஸ்களையும் தாதிகளையும் பதிவு செய்யச் சென்னை மாகாணத்தில் தனிச் சட்டமே வந்துவிட்டது. ஸ்டான்லி 1938, மதுரை 1954, கீழ்ப்பாக்கம் 1960, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் 1965 என்று கல்லூரிகள் பெருகின. ஒவ்வொரு இடத்திலும் புதிதாக வந்த டாக்டர் பையனை முதல் இரவில் காப்பாற்றியது பாடப் புத்தகம் அல்ல, ஒரு சிஸ்டர்.

என் சித்தி அப்படிப்பட்ட ஒரு சிஸ்டர். இலஞ்சிக்காரி. 1984இல் வேலைக்குச் சேர்ந்து 2015இல் ஓய்வு பெற்றாள். நடுவில் இரண்டு வருஷம் தவிர ஒரே ஆஸ்பத்திரி, அதிலும் பெரும்பகுதி ஒரே வார்டு. புதுப் பையன் ஸ்டெத்தோடு தயங்கி நிற்பதைப் பார்த்தால், "தம்பி, புதுசா?" என்பாளாம். அந்த ஒரு கேள்வியில் அவன் பயம் பாதி போய்விடும். வென்ஃப்ளான் போட நரம்பு கிடைக்காமல் அவன் நாலு இடத்தில் குத்தினால், நோயாளி காதில் விழாமல் கூட்டிப்போய், கையைத் தொங்கப்போட்டு வெந்நீர்த் துணி சுற்றி இரண்டு நிமிஷம் பொறுத்திருக்கச் சொல்வாள். எந்த ஆக்சிஜன் பாயின்ட் ஒழுகும், மழை பெய்தால் எந்தக் கட்டிலில் சாரல் அடிக்கும், ராத்திரி எந்த லிஃப்ட் நடுவழியில் நின்றுவிடும், பிளட் பேங்க்கில் யாரைக் கூப்பிட்டால் சீக்கிரம் எடுப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. இதில் எதையும் யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கும் அளவுக்கு இது பெரிய விஷயம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சித்தியிடம் நான் கேட்டு வாங்கிய கதைகளில் ஒன்றை இங்கே சொல்லியே ஆகவேண்டும். ஒரு நாள் அதிகாலை இருபது வயதுப் பெண்ணைத் தூக்கி வந்தார்கள். வயிற்றுவலி, வாந்தி. கடித்த தடம் எதுவும் இல்லை. பையன் கேஸ் ஷீட்டில் வயிற்றுப்புண் என்று எழுதிவிட்டு ஊசி சொல்லிவிட்டான். சித்தி அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமை கீழே சரிந்து சரிந்து வந்தது. தரையில் படுத்துத் தூங்கினாளா என்று கேட்டாள். ஆமாம், களத்து மேட்டில் பாய் விரித்து. சித்தி பையனைத் தனியே அழைத்து, "சார், இது கட்டுவிரியன் மாதிரி இருக்கு, பிஜியைக் கூப்பிடுங்க" என்றாள். கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாது, தடமும் பல சமயம் இருக்காது, விடியும்போது வயிற்றுவலியோடு எழுப்பும் என்பது வயற்காட்டு ஊர்களில் கேள்விப்பட்ட விஷயம். நகரத்துப் பையனுக்கு அது பாடத்தில் ஒரு வரி. விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் நேரத்துக்குக் கிடைத்து அந்தப் பெண் பிழைத்தாள்.

இதைக் கேட்டதும் சித்தி மகள் குறுக்கிட்டாள். "அம்மா சொன்னா சார் கேட்டாங்க. நான் சொன்னா கேப்பாங்களா?"

விஷயமே இதுதான். சித்திக்கு இருந்தது பாம்புக்கடி பற்றிய அறிவு மட்டும் இல்லை. மகளுக்கும் அது உண்டு, அவளும் அதே இலஞ்சியில் வளர்ந்தவள்தானே. சித்தி கூடுதலாக அந்த வார்டில் இருபது வருஷம் நின்றவள். சீஃபே அவள் பேச்சைக் கேட்பார் என்று பையனுக்குத் தெரியும். ஒரு டாக்டரிடம் "இது தப்பு சார்" என்று சொல்லத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் கால் ஊன்றி நிற்க இடம் இருப்பவருக்குத்தான் வரும்.

பொட்டாசியம் குளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் கண்ணாடிக் குப்பி. பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். அதைக் குளுக்கோஸ் அல்லது சலைன் பாட்டிலில் கலந்து மெல்ல மெல்ல ஏற்றினால் மருந்து. கலக்காமல் நேரே நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுபோகும். தூக்கமில்லாத முப்பதாவது மணி நேரத்தில் ஒரு ஹவுஸ் சர்ஜன் அவசரமாக எழுதுவதில் "கலந்து" என்ற ஒரு சொல் விட்டுப்போகலாம். அதைப் பிடிக்கிற கடைசிக் கை நர்ஸின் கை. வார்டு அலமாரியிலேயே அந்தக் குப்பியை வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லி வருவதற்குக் காரணம் இந்த மாதிரி விபத்துகள்தாம். நல்ல யோசனைதான். ஆனால் குப்பி எந்த அலமாரியில் இருந்தாலும், எழுதியதைப் படித்து "சார், இதை நேரா போட மாட்டேன்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். சேர்ந்து இரண்டு வாரமான, இன்னும் பத்து மாதத்தில் போகப்போகிற, அடுத்த ஒப்பந்தத்துக்கு இங்கிருந்து நல்ல சான்றிதழ் வாங்க வேண்டிய ஒரு பெண் அதைச் சொல்வாளா? சிலர் சொல்வார்கள். சித்தி மகள் ஒரு முறை சொல்லியிருக்கிறாள். அன்று முழுக்கக் கை நடுங்கியதாம்.

நர்ஸ் எண்ணிக்கை குறைந்தால் நோயாளிகள் சாவார்கள் என்பது ஊகம் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகளை வைத்து லிண்டா ஐக்கனும் சகாக்களும் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சை நோயாளிகளில், ஒரு நர்ஸின் பொறுப்பில் கூடுதலாக ஒருவரைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். நம் நாட்டில் போதனா மருத்துவமனைப் பொது வார்டுக்கு மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், விடுப்புக்கு 30 சதவீதம் கூடுதல் ஆள் என்று நர்சிங் கவுன்சில் அளவு சொல்லியிருக்கிறது. அந்த அளவை எந்த வார்டிலாவது பார்த்தவர்கள் கை தூக்குங்கள். இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் ஒப்பந்த நர்ஸ் வருகிறாள். தலை எண்ணிக்கை சரியாகிவிடும். கிளவுஸ் டப்பா எங்கே என்பது எந்த எண்ணிக்கையிலும் வராது.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இருக்கும் நண்பர் ஒருவர், ஒரே வார்டில் முப்பது வருஷம் இருந்தவர்கள் எல்லாரும் உன் சித்தி இல்லை, வார்டைத் தன் வீட்டு அடுக்களை மாதிரி பூட்டி வைத்துக்கொண்ட சிஸ்டர்களும் உண்டு, ஊர் சுற்றி வந்த பிள்ளைகள் நாலு இடத்து நல்ல பழக்கத்தைக் கொண்டுவருகிறார்கள் என்றார். வாஸ்தவம். பெங்களூர் போகிறவளும் தனக்கு இந்த வாழ்க்கை பிடித்திருக்கிறது என்றுதான் சொன்னாள்.

இவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்த்தால் கதை பீடித் தட்டில் போய் நிற்கும். ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம், சுரண்டை என்று எந்த ஊர்த் தெருவில் நடந்தாலும் வாசல் திண்ணையில் மடியில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். இலையை ஊறவைத்து, கத்தரித்து, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, ஆயிரம் கணக்கில் கடையில் ஒப்படைக்க வேண்டும். கண் டிவியில் இருக்கும், விரல் தானாக ஓடும். அந்த விரல்கள்தாம் இந்தப் பிள்ளைகளின் ஃபீஸைக் கட்டின. டிப்ளமோ மூன்று வருஷம், டிகிரி என்றால் நாலு வருஷம். அந்த நாலு பேரில் மூன்று பேரின் அம்மாக்கள் பீடி சுற்றுகிறவர்கள். ஒருத்தி சொன்னாள், வென்ஃப்ளான் போடுவதில் தனக்கு வகுப்பிலேயே முதல் பெயர், சின்ன வயதில் அம்மாவுக்குப் பீடி மடக்கிக் கொடுத்த விரல் என்று. புகையிலைத் தூளை முப்பது வருஷம் சுவாசித்த அம்மாவுக்கு இருமல். அவளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. மகள் பெங்களூரில் வேறு யாருடைய அம்மாவையோ பார்த்துக்கொள்வாள்.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனது. மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. ஆனால் பெரிய விஷயம் என்றால் ஆம்புலன்ஸ் ஒன்று கிழக்கே பாளையங்கோட்டைக்குப் போகும், அல்லது புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டி ஆரியங்காவு வழியாக மேற்கே திருவனந்தபுரத்துக்குப் போகும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி என்று அந்தப் பக்கத்தோடு இருந்த ஊர். மலையாளம் அரைகுறையாக எல்லாருக்கும் வரும். அதனால் இந்தப் பிள்ளைகள் கேரளத்து ஆஸ்பத்திரிகளிலும் எளிதாக ஒட்டிக்கொள்கிறார்கள். 2018இல் அங்கே தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்கு 20,000 ரூபாய் குறைந்தபட்சச் சம்பளம் என்று அறிவிப்பு வந்தபோது, மலைக்கு இந்தப் பக்கம் அதைப் பற்றிப் பேசாத நர்ஸ் இல்லை.

ஊர் சுற்றும் பெண் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதிய குற்றாலக் குறவஞ்சியின் நாயகி வசந்தவல்லி என்றாலும், படித்தவர் மனதில் நிற்பவள் குறி சொல்லும் சிங்கிதான். ஊர் ஊராகப் போனவள். போன இடமெல்லாம் குறி சொல்லிப் பரிசு வாங்கியவள். தேடி வந்த கணவன் சிங்கன் அவளை நிறுத்தி வைத்து, காலில் கிடப்பது என்ன, இடுப்பில் இருப்பது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். அவளும் சளைக்காமல் பதில் சொல்வாள். சித்தி மகள் ஊருக்கு வந்தால் அவள் அத்தைமார் கேட்பதும் ஏறக்குறைய இந்தக் கேள்விகள்தாம். புதுச் செயினா, எத்தனை பவுன், எந்த ஊர்க் கடை. ஒரு வித்தியாசம், சிங்கி போன இடத்தில் எல்லாம் அவள் சொன்னதைக் கேட்டார்கள்.

பொதிகை எக்ஸ்பிரஸ் சாயங்காலம் செங்கோட்டையில் கிளம்பித் தென்காசி வரும்போது பிளாட்பாரத்தில் நின்று பாருங்கள். தோளில் பை, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. ஹாஸ்டலில் வாளி கிடைக்காது என்பது இரண்டாவது ஒப்பந்தத்திலேயே தெரிந்துவிடும். பைக்குள் சான்றிதழ் ஃபைல், கவுன்சில் பதிவு அட்டை, வெள்ளைச் செருப்பு, அம்மா இடித்துக் கொடுத்த இட்லிப்பொடி. வேறு மாநிலம் என்றால் பதிவுக் காகிதத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். 2023இல் புதிய நர்சிங் ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. நாடு முழுக்க ஒரே பதிவு என்று ஒரு நாள் ஆகுமானால் வேலை மாறுவது இன்னும் சுலபம். சுலபம் என்றதும் எனக்குப் பழைய கிளவுஸ் டப்பாக் கவலையே திரும்பி வருகிறது.

அயல்நாட்டு ஆஸ்பத்திரிகளில் இதற்குச் சில ஏற்பாடுகள் வைத்திருக்கிறார்கள். வெளி நர்ஸ் வந்தால் முதல் ஷிப்டில் தனி நோயாளி கொடுக்காமல் வார்டைச் சுற்றிக்காட்டுவது, அவசர வண்டியில் எந்த அடுக்கில் எது என்பதை எல்லா வார்டிலும் ஒரே மாதிரி வைப்பது, ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் இரண்டு பேர் அதைத் திறந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது. நம் ஊரிலும் நல்ல ஆஸ்பத்திரிகளில் இது உண்டு. சித்தி மகள் இருந்த இடத்திலும் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்ததாம். பல்பு என்று அதில் எழுதியும் இருந்தது. மூன்றாவது டிராயர் என்று போட்டிருந்தது. மூன்றாவது டிராயரின் பூட்டு கெட்டுப்போய் எத்தனையோ மாதம். அதனால் யாரோ ஒரு சிஸ்டர், வசதிக்காக, கிளவுஸ் டப்பாவுக்கு மாற்றியிருக்கிறார். அவர் போய்விட்டார்.

சித்தி மகள் அந்த வார்டில் இருந்த 11 மாதத்தில் சில காரியங்கள் செய்தாள். டப்பாவைத் துடைத்து மேலே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள். எந்த ஆக்சிஜன் பாயின்ட் ஒழுகும் என்று ஒரு நோட்டில் குறித்தாள். புதிதாக வந்த பையன்களை, முப்பது வயதுகூட ஆகாதவள், "தம்பி" என்று கூப்பிடப் பழகினாள். பத்தாவது மாதம் ஒரு பிஜி, ரவுண்ட்ஸில் சீஃப் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் அவள் முகத்தைப் பார்த்தாராம். அன்று அவளுக்கு இருந்த சந்தோஷம், சம்பளம் வந்த அன்றுகூட இருந்ததில்லை. பதினோராவது மாதம் கேக் வெட்டி வழியனுப்பினார்கள்.

நான் ஊருக்குக் கிளம்பும் முந்தைய இரவு சித்தி வீட்டில்தான் படுத்திருந்தேன். வெளியே மழை. இரண்டு மணி சுமாருக்குச் சித்தி மகளின் போன் அடித்தது. எழுந்து போய்த் திண்ணைப் பக்கம் நின்று பேசினாள். காதில் விழுந்தது இவ்வளவுதான்: "இல்ல, அந்த ஃபிரிட்ஜ மாத்திட்டாங்களா? அப்ப அதுக்கு மேல இருந்த டப்பா... சரி, பதற வேண்டாம்மா. ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால ஆணியில ஒரு மஞ்சப் பை தொங்கும், அதுல ரெண்டு பல்பு போட்டு வச்சிருந்தேன், பாருங்க. லைன்லயே இருக்கேன்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. தகரத்தில் மழை. பிறகு, "ஆங், அதான். போங்க, போங்க" என்றாள்.

உள்ளறையிலிருந்து சித்தி குரல் கொடுத்தாள்.

"யாருட்டி இந்நேரத்துல?"

"ஆஸ்பத்திரிலேருந்தும்மா. புதுசா ஒரு பிள்ள."

"ஒனக்குத்தான் வேல முடிஞ்சிட்டுன்னு சொன்னே. இன்னும் எதுக்குட்டி ஒன்னையே கூப்பிடுதாவ?"

அவள் போனை சார்ஜில் போட்டுவிட்டு வந்து படுத்தாள்.